இராமானுஜன் கண்ட பேரெண்

தில்லி முனிர்காவில் தமிழ்க் குடும்பங்கள் பல வாழ்கின்றன. அணித்தேயுள்ள இராமகிருஷ்ணபுரத்துக் குன்றின்மேல் உத்தர சுவாமிமலைக் கோயில் விளங்குகிறது. அப்பகுதியில் ஒரு விருந்துக்கு அறுபது பேர் வந்துள்ளதாகக் கொள்வோம். பந்தியில் இலைகளை 2, 3, 4, 5, 6 எனப் பலவாறு சம வரிசைகளாக இடலாம். ஒருவர் குறைந்து 59 பேராயின், ஒரே நெடுவரிசைதான். அன்றேல் வரிசைக்கு ஒருவராய் அமர்தல் வேண்டும். 59 பகா எண். 60க்கோ 12 வகுத்திகள் உள்ளன. 60இனும் சிறிய எந்த எண்ணுக்கும் அத்துணை வகுத்திகள் இல்லை. நாளொன்றுக்கு 60 நாழிகை என வகுத்த நமக்கு இவ்வெண் பழைய உறவன்றோ!

தன்னினும் சிறிய எண்கள் யாவற்றையும் வகுத்தி மிகுதியால் விஞ்சும் இத்தகைய எண்களை ஆராய்ந்தவர் ஈரோட்டில் பிறந்த சீனிவாச இராமானுஜன். அவ்வாராய்ச்சி 1915இல் இலண்டன் கணிதக் கழகத்தின் இதழில் வெளிவந்தது. 1916இல் கேம்பிரிட்ஜ் பட்டத்தையும் அவருக்கு ஈட்டித் தந்தது. அதிலுள்ள அட்டவணையின் இறுதி எண் 67,46,32,83,88,800. அதாவது 6 லட்சத்து 74 ஆயிரத்து 632 கோடியே 83 லட்சத்து 88 ஆயிரத்து 800.

இதன் வகுத்திகளை எண்ண ஆயுள் போதாது என்று அஞ்சற்க. 2ஐ ஆறு முறையும், 3ஐ நான்கு முறையும், 5, 7 இரண்டையும் இருமுறையும், 11, 13, 17, 19, 23 ஆகியவற்றை ஒவ்வொரு முறையும் பெருக்கின் இவ்வெண் கிட்டும். ஒவ்வொரு முறையோடும் ஒன்று கூட்டிப் பெருக்குக: 7×5×3×3×2×2×2×2×2. விடை 10,080. அத்தனை வகுத்திகள்!

பகா எண் பெரிதாகப் பெரிதாக, அது வரும் முறை கூடுவதேயில்லை என்பதை நோக்குக. காரணம் எளிது. 3ஐக் காட்டிலும் 5 மிகுதியாக வந்தால், அவ்விரண்டின் முறைகளையும் இடம் மாற்றுவோம். வகுத்திகளின் தொகை மாறாது. எண் மட்டும் சிறுத்துவிடும். அப்பொழுது முன்னைய எண் தன் முதன்மையை இழக்கும்.

அவ்வட்டவணையில் ஓர் எண் விடுபட்டுப் போயிற்று. அது 2,93,31,86,25,600, இறுதி எண்ணை 23ஆல் வகுத்தால் வருவது. அதற்கு 5,040 வகுத்திகள். கையால் கணித்த பட்டியலில் ஓர் எண் விடுபட்டதேயன்றி, கண்ட விதிகளில் ஒன்றும் குலையவில்லை. அக்கட்டுரையின் பிற்பகுதியோ, கழகத்தின் பொருள் முடையால் அன்று அச்சேறவில்லை. 1997இல்தான் இதழொன்றில் வெளிவந்தது.

இன்று கணிப்பொறி இப்பட்டியலை நொடியில் தந்துவிடும். எனினும் "ஏன்?" என்னும் வினாவை நாமே எழுப்புதல் வேண்டும். பள்ளியில் பிறமொழியில் கணக்குப் பயிலும் நம் சிறார்க்கு, அவ்வினாவை இல்லத்தில் தமிழில் எழுப்பக் கற்பிப்போம். இன்றிரவே தொடங்கலாம்: 60ஐ அடுத்து வரும் அத்தகைய எண் யாது? விடை 120, வகுத்திகள் 16. இடையில் வேறொன்று இல்லை என்பதை அவர்களே ஆராய்ந்து தெளியட்டும்.