பழைய இரும்பும் புதிய கைத்தொழிலும்

(தோட்டத் தொழிலாளர் கூட்டமொன்றில் ஆற்றப்பெற்ற உரை)

 

கத்தியைப் பற்றி உங்களிடம் பேச வருவது, கொல்லத் தெருவில் ஊசி விற்க வருவதைப் போன்றதாகும். விடியுமுன் எழுந்து, நெற்றி விளக்கின் ஒளியில், பால்மரத்தின் பட்டையை மெல்லிய சீவலாகச் சீவி எடுக்கின்றவர்கள் நீங்கள். ஒரு மில்லிமீட்டர் ஆழம் கூடினால் மரத்திற்குக் காயம். குறைந்தால் கோப்பையில் பால் இல்லை. இத்துணை நுட்பம் பழகிய கைகளுக்கு இரும்பு வேலை வராது என்று எவர் சொல்ல முடியும்? ஆகவே, வீட்டுக் கொல்லையில் சிறியதொரு கொல்லுலை அமைத்து, பிறர் கழித்த பொருள்களைக் கொண்டே இத்தொழிலைத் தொடங்கும் வகையினை இன்று எடுத்துரைக்க விரும்புகின்றேன்.

பால்மரத்திற்கும் இரும்பிற்கும் பழைய உறவுண்டு. 1967-ஆம் ஆண்டில் பிறையில் இயங்கத் தொடங்கிய மலாயாவாத்தா உருக்கு ஆலை, தன் ஊதுலைக்குப் பால்மரக் கரியையே பயன்படுத்தியது. முதிர்ந்து வெட்டுண்ட மரங்கள், இந்நாட்டின் கட்டடங்களுக்கு இரும்பை உருக்கித் தந்தன. மரம் அவ்வாறு இரண்டாம் பிறவி எடுக்குமாயின், அம்மரத்தோடு வாழ்ந்த மனிதன் இரண்டாவது தொழில் ஒன்றைக் கற்கலாகாதா?

முதலில் பட்டடையைக் கவனிப்போம். புதிய பட்டடை விலை மிகுந்தது. பழைய இரும்புக் கடையில் ஒன்றரை அடி நீளமுள்ள தண்டவாளத் துண்டு கிடைக்குமாயின் அதுவே போதும். அதனைப் படுக்க வைக்காமல், மரக்கட்டையில் குழி செய்து செங்குத்தாக நிறுத்துங்கள். அப்போது அதன் கனம் முழுவதும் அடி விழும் இடத்திற்கு நேர் கீழே நின்று, அடியின் வலுவைத் தாங்கும். பெரிய சம்மட்டித் தலையொன்றைக் கட்டையில் பதித்தும் தொடங்கலாம். கட்டைக்குப் பால்மரம் உதவாது. பூச்சியும் பூஞ்சையும் அதனை விரைவில் அரித்துவிடும். உறுதியான காட்டுமரமே தக்கது. நிமிர்ந்து நின்று கையைத் தொங்கவிட்டால், மடக்கிய விரல்களின் கணு எட்டும் உயரமே பட்டடைக்கு ஏற்ற உயரம்.

ஆனால் ஒன்றை அழுத்தமாகச் சொல்கின்றேன். இரயில் பாதையோரம் கிடக்கின்ற இரும்பும், தோட்ட ஸ்டோரின் பின்புறம் கிடக்கின்ற இரும்பும் உரிமையாளர் உடையவை. கேட்டுப் பெறுங்கள், அல்லது கடையில் வாங்கி இரசீதைப் பத்திரப்படுத்துங்கள். களங்கமான இரும்பினால் தொடங்கிய தொழில் நிலைப்பதில்லை.

அடுத்தது உலை. லோரிச் சக்கரத்தின் பழைய பிரேக் டிரம் ஒன்றைக் கால்களின்மேல் நிறுத்தி, அடியிலிருந்து காற்றுக் குழாய் பொருத்தினால் உலையாகிவிடும். அதுவும் கிடைக்காவிடில், இரண்டடி நீளம், ஒன்றரை அடி அகலம், ஓரடி உயரமுள்ள பலகைப் பெட்டியில் களிமண்ணையோ புற்றுமண்ணையோ இடித்து நிரப்பி, நடுவில் நான்கு அங்குல ஆழத்தில் கிண்ணம்போல் குழியுங்கள். குழிக்கும் பலகைக்கும் இடையே மண் தடித்து நிற்க வேண்டும். பக்கவாட்டில் ஓர் இரும்புக் குழாயைச் செருகி, குழியின் அடியில் காற்று வருமாறு செய்யுங்கள். மண் நன்றாக உலர்ந்த பின்னரே சிறு நெருப்பிட்டுப் பழக்க வேண்டும். ஆற்றுக் கற்களையும் சிமெண்டுக் கற்களையும் நெருப்பின் அருகில் வைக்காதீர்கள். அவற்றினுள் இருக்கும் ஈரம் ஆவியாகி, கல் வெடித்துச் சிதறக்கூடும். துருத்திக்கு மாற்றாக, முடி உலர்த்தும் பழைய மின்கருவியோ கையால் சுற்றும் விசிறியோ போதும். கடையில் விற்கும் மரக்கரியே ஏற்ற எரிபொருள். கட்டைகளைத் திறந்தவெளியில் எரித்துக் கரி சுட முற்படாதீர்கள். அது சட்டத்திற்கு மாறானது.

உலையை லயத்துச் சுவரருகிலோ, பால்மர நிரைகளின் அருகிலோ வைக்கலாகாது. மரங்கள் இலையுதிர்க்கும் மாதங்களில் ஒரு பொறி போதும், பல ஏக்கர் சருகு பற்றிக்கொள்ளும். நிர்வாகத்தின் அனுமதியைப் பெற்று, நாற்புறமும் திறந்த கூரையின்கீழ் அமையுங்கள். கரியிலிருந்து எழும் நச்சுக் காற்றிற்கு மணமுமில்லை, நிறமுமில்லை. மூடிய அறையில் அது உயிரைப் பறிக்கும். ஒரு வாளி நீரும் ஒரு வாளி மணலும் எப்போதும் அருகிலிருக்கட்டும். கண்ணுக்குக் காப்புக் கண்ணாடி, காலுக்குத் தோல் காலணி, உடலுக்குப் பருத்தி ஆடை ஆகிய மூன்றும் இன்றிச் சம்மட்டியைத் தொடவேண்டா. நைலான் துணி உருகித் தோலோடு ஒட்டிக்கொள்ளும்.

எல்லாப் பழைய இரும்பும் உலைக்கு உரியதன்று. துத்தநாகம் பூசிய குழாயும் தகடும் சூடேறினால் வெண்புகை எழும். அதனைச் சுவாசித்தவருக்கு அன்றிரவே குளிரும் காய்ச்சலும் காணும். வண்டியின் அதிர்வு தாங்கி, எரிவாயுத் தோம்பு, இருமுனையும் அடைபட்ட குழாய் ஆகியவை நெருப்பில் வெடிக்கக்கூடியவை. அவற்றைத் தொடாதீர்கள்.

இனி வேலைக்கு வருவோம். ஒரு கிலோ எடையுள்ள சுத்தியலை எடுத்து, அதன் முகத்தின் கூரிய விளிம்புகளை அரத்தால் உருட்டிவிடுங்கள். இல்லையேல் இரும்பில் வெட்டுத் தழும்புகள் விழும். கட்டடக் கம்பியில் பத்து மில்லிமீட்டர் தடிப்புள்ளதை இரண்டடி நீளத்திற்கு எடுத்துக்கொள்ளுங்கள். அந்த நீளத்தில் மறுமுனை கையால் பிடிக்கக் கூடியதாக இருக்கும். குறடு பிறகு செய்துகொள்ளலாம். கம்பி செம்மஞ்சள் நிறம் அடைந்ததும் எடுத்து அடியுங்கள்; மங்கிய சிவப்பிற்கு இறங்கியதும் நிறுத்தி மீண்டும் உலையிலிடுங்கள். ஆறிய இரும்பை அடிப்பது இரும்பிற்கும் கேடு, தோளுக்கும் கேடு. வெண்மை கண்டு பொறி சிதறினாலோ, இரும்பு எரிகின்றது என்று பொருள், அத்துண்டு வீணாகிவிடும்.

முனையைக் கூராக்க ஒரு முறையுண்டு. முதலில் சதுரமாக அடித்து நீட்டுங்கள். பின்னர் நான்கு மூலைகளையும் தட்டி எண்கோணமாக்குங்கள். இறுதியில் உருட்டி வட்டமாக்குங்கள். தொடக்கத்திலேயே வட்டமாக அடித்தால் நடுவில் பிளவு காணும். கூரான முனையைப் பட்டடையின் விளிம்பில் வளைத்தால் பால்வாளி மாட்டும் கொக்கி ஆயத்தமாகிவிடும். பத்துக் கொக்கிகள் செய்த பின்னரே அடுத்த பணிக்குச் செல்லுங்கள்.

அடுத்த பணி உளி. அதற்குக் கட்டடக் கம்பி உதவாது. அதன் தன்மை துண்டுக்குத் துண்டு மாறும். காரின் சுருள்வில்லும் லோரியின் பட்டைவில்லும் கரிமம் மிகுந்த எஃகினால் ஆனவை, தோய்ச்சலில் கடினமாகும். பட்டறைக்காரர் முன்னரே கழற்றிப் போட்டதையே கேட்டு வாங்குங்கள். வண்டியில் இறுகியிருக்கும் வில்லை நீங்களே கழற்ற முனைவது ஆபத்து. வாங்கியதில் வெடிப்பு உண்டா என்றும் பாருங்கள்.

உளியை உருவாக்கிய பின், சிவக்கக் காய்ச்சிக் காந்தத்தை அருகில் காட்டுங்கள். ஏறத்தாழ 770 பாகை செல்சியசில் எஃகு காந்தத்தை விட்டுவிடும். அதற்குச் சற்று மேலே சூடேற்றி, எண்ணெயில் தோய்த்தெடுங்கள். நம் நாட்டுச் செம்பனை எண்ணெயே போதும். மூடியுள்ள இரும்புப் பாத்திரத்தில் வைத்தால், தீப்பற்றினாலும் மூடி அணைத்துவிடலாம். நீரில் தோய்த்தால் வில் எஃகு வெடிக்கக்கூடும். தோய்த்த உளி கண்ணாடிபோல் நொறுங்கும் தன்மையது. ஆதலின் அதனைத் தேய்த்து மினுக்கி, மெல்லச் சூடேற்றுங்கள். சுமார் 230 பாகையில் வைக்கோல் நிறம் படரும். மரம் செதுக்கும் உளிக்கு அந்நிலையே தக்கது. 280 பாகையை நெருங்கினால் ஊதா நிறம். அடிதாங்கும் கருவிக்கு அது நன்று.

பாராங் அடிக்க இளைஞர்களுக்கு ஆவல் உண்டாகும் என்பதை அறிவேன். தோட்டத்திற்கும் வீட்டிற்கும் அது இன்றியமையாத கருவியே. எனினும், தக்க காரணமின்றி அதனைப் பொது இடத்தில் ஏந்திச் செல்வது 1958-ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றமாகும். எவர் கைக்குப் போகின்றது என்றறியாமல் ஒரு கத்தியும் உங்கள் பட்டறையை விட்டுப் போகலாகாது. செய்தவனுக்கும் அதில் பொறுப்புண்டு.

இதனால் உடனே பொருள் குவியும் என்று நான் சொல்லமாட்டேன். ஆலையில் செய்த கத்தி கடையில் மலிவாகக் கிடைக்கின்றது. முதல் ஆண்டில் சாங்கோலைச் சீர்படுத்துவதும், கதவுக்குக் கொண்டி செய்வதும், அண்டை வீட்டாரின் கத்திக்குக் கூரேற்றுவதுமாகச் சில வெள்ளி மிச்சமாகும்; அவ்வளவே. ஆனால் பழகிய கை, தொழிற்பயிற்சி நிலையத்தில் பற்றவைப்புப் பயிலும்போது முன்வரிசையில் நிற்கும்.

தோட்டங்கள் பல விற்கப்பட்டு வீடமைப்புப் பகுதிகளாக மாறியதை நீங்கள் கண்டிருக்கின்றீர்கள். லயத்தை விட்டுப் புறப்பட்ட குடும்பங்கள் கட்டிலையும் பாத்திரத்தையும் லோரியில் ஏற்றின. மரத்தை ஏற்ற முடியவில்லை. நிலத்தை ஏற்ற முடியவில்லை. கைத்தொழில் ஒன்று கற்றிருந்தவர், அதனைச் சுமையின்றி உடன் கொண்டு சென்றார். நீங்களும் அப்படியொன்றை உடைமையாக்கிக்கொள்ளுங்கள். வரும் ஓய்வு நாளிலேயே ஒரு கொக்கியில் தொடங்குங்கள். முதல் கொக்கி கோணலாகவே வரும். அதனை எறிந்துவிடாமல் சுவரில் மாட்டி வையுங்கள். பத்தாவது கொக்கியை அதனருகில் மாட்டும் நாளில், நான் சொன்னது உண்மை என்று நீங்களே உணர்வீர்கள்.