சுவிசேஷக் கவிராயர்



மார்கழி இரவுகளில் எங்கள் மறைமலை நகர்த் தெருக்களில் பாடற்குழுக்கள் இயேசுபிரானின் பிறப்பைப் பாடிச் செல்வதுண்டு. இரவு முறை வேலைக்காகத் தொழிற்சாலைப் பேருந்தை எதிர்நோக்கி நிற்போர் சமய வேறுபாடின்றிச் செவிசாய்ப்பர். அக்கீர்த்தனைகளில் நம் இராகமும் நம் தாளமும் ஒலிப்பதே அதற்குக் காரணம். இம்மரபை வளர்த்தவர்களுள் தலையாயவர் தஞ்சை வேதநாயக சாஸ்திரியார் ஆவார்.

'பிரதாப முதலியார் சரித்திரம்' எழுதிய மாயூரம் வேதநாயகம் பிள்ளையோடு இவரை மாணவர் பலர் மயங்கக் கொள்வர். பிள்ளையவர்கள் 1826-இல் பிறந்த நீதிபதி. சாஸ்திரியாரோ அவருக்கு அரை நூற்றாண்டு முன்னர், 1774-ஆம் ஆண்டு செப்டம்பர் 7-ஆம் நாள், நெல்லைச் சீமையில் பிறந்தவர்.

சிறுவனின் அறிவைக் கண்டு மகிழ்ந்த ஸ்வார்ட்ஸ் பாதிரியார் அவரைத் தஞ்சைக்கு அழைத்துச் சென்று வளர்த்தார். தஞ்சை இளவரசர் சரபோஜியும் அப்பெரியாரின் அரவணைப்பில் வளர்ந்தவரே. வேதநாயகம் தரங்கம்பாடியில் வேதநூலோடு வானநூல், கணிதம் முதலியவற்றையும் கற்றார். இருபது வயதை எட்டுமுன்னரே தஞ்சைப் பள்ளியின் தலைமையாசிரியர் ஆனார். கற்பிக்கும் தொழிலே அவருடைய பாட்டுக்கும் அடித்தளமாயிற்று.

அவருடைய 'பெத்லகேம் குறவஞ்சி'யைக் காண்போம். தலைவனின் உலாவைக் கண்டு தலைவி காதல் கொள்வாள். குறத்தி வந்து குறி சொல்வாள். குறவன் அவளைத் தேடி வருவான். இது குறவஞ்சியின் இயல்பு. சாஸ்திரியார் இயேசுநாதரைத் தலைவராகவும் திருச்சபையைத் தலைவியாகவும் அமைத்தார். குறத்தி தான் கண்ட நாடுகளையும் மலைகளையும் பாடுவது மரபன்றோ? அவ்விடத்தில் உலகின் நிலவியலைப் பாடினார். கதிரவனை நடுவாகக் கொண்டு கோள்கள் சுழல்வதையும் பாடினார். மீன்களின் பெயர்களையும் வரிசைப்படுத்தினார். வலைவீசும் மீனவர்களையன்றோ இயேசுபிரான் தம் சீடராக அழைத்தார்! எழுத்தறியா மக்களும் அதனைக் கேட்டுப் பக்தியோடு பூகோளமும் கற்றனர்.

அவர் எழுதியதோடு நில்லாமல் ஊர் ஊராகச் சென்று கதாகாலட்சேபமும் நிகழ்த்தினார். 'சுவிசேஷக் கவிராயர்' என்று மக்கள் அவரைப் போற்றினர். சுவிசேஷம் என்பதற்கு நற்செய்தி என்பது பொருள்.

ஆயினும் அவர் வாழ்வு இன்னல் அற்றதன்று. விநாயகர் துதியோடு தொடங்கும் நூல் ஒன்றை இயற்றித் தருமாறு சரபோஜி மன்னர் கேட்டதாகவும், தம் சமயக் கொள்கைக்கு அது ஒவ்வாது என்று கவிஞர் பணிவோடு மறுத்ததாகவும் வழிவழியாக ஒரு செய்தி வழங்குகிறது. மன்னர் நட்பு அதனால் முறியவில்லை.

முறிவு வேறிடத்தில் நேர்ந்தது. 1820-களில் தஞ்சைக்கு வந்த புதிய பாதிரிமார் பழைய பாடல்முறையையும் வழிபாட்டு முறையையும் மாற்ற முற்பட்டனர். கோயிலில் சாதிவாரியாக அமரும் வழக்கத்தையும் ஒழிக்க முனைந்தனர். சாஸ்திரியார் இரண்டையும் எதிர்த்தார். சபைப் பணியை இழந்தார். வேற்றுச் சமயத்தவரான சரபோஜியே அவரை அரண்மனைக் கவிஞராக ஏற்று ஆதரித்தார்.

நண்பர்களே, இவ்விடத்தில் நாம் நின்று சிந்தித்தல் வேண்டும். தமிழ்ப் பாட்டுக்காக அவர் வாதாடியது நேர்மையான செயல். சாதி வழக்கத்துக்காக வாதாடியதோ பிழை. காலத்தின் வழக்கம் என்று கூறி அதனை மறைத்தல் ஆகாது. கோள்கள் கதிரவனைச் சுற்றுவதைப் பாடத் துணிந்த அறிவு, ஒரே பாயில் மனிதர் யாவரும் அமர்வதை ஏற்கத் தயங்கியது. கல்வி மிகுந்தோர்க்கும் நெஞ்சின் ஒரு மூலை இருண்டிருக்கக்கூடும். பெரியோரைப் போற்றுங்கால் அவர்தம் குறையையும் அறிந்தே போற்றுவது மாணவர்க்கு அழகு.

1832-இல் சரபோஜி மறைந்தார். அதன் பின்னரும் கவிராயர் முப்பது ஆண்டுகளுக்கு மேல் வாழ்ந்து, 1864-ஆம் ஆண்டு சனவரி 24-ஆம் நாள் தம் 89-ஆம் வயதில் இயற்கை எய்தினார். அவர் வழித்தோன்றல்கள் அக்கதாகாலட்சேப மரபைத் தலைமுறை தலைமுறையாகக் காத்து வந்தனர்.

வேதாசலம் என்னும் தம் பெயரை மறைமலை என்று தமிழாக்கிக்கொண்ட அடிகளாரின் பெயரைத் தாங்கியது எங்கள் ஊர். அவர் பெயரைத் தமிழாக்கினார். சாஸ்திரியாரோ தொலைநாட்டில் பிறந்த ஒரு செய்தியையே தமிழிசையாக்கினார். அதனால்தான் பள்ளி காணாத பாட்டியும் அவர் கீர்த்தனையை ஏடு பாராமல் பாடுகிறாள். நீங்கள் கற்கும் எவ்வறிவையும் அப்பாட்டிக்கு விளங்கும் தமிழில் சொல்லிப் பாருங்கள். அவளுக்கு அது விளங்குமாயின், நீங்கள் உண்மையாகவே கற்றீர்கள் என்று கொள்ளலாம்.