நாகைக்குப் போன சாலை

(பரிசளிப்பு விழாவில் ஆற்றிய உரை)



பேச வந்தவர் நாலு திருக்குறளைச் சொல்லி, நன்றாகப் படியுங்கள் என்று முடிப்பது வழக்கம். அதைத்தான் உங்கள் ஆசிரியர்கள் தினமும் சொல்கிறார்களே! நான் ஒரு பயணக் கதை சொல்கிறேன்.

என் தாத்தா நாகப்பட்டினத்தில் கப்பலேறி மலாயாவுக்கு வந்தவர். உங்கள் கொள்ளுத் தாத்தாக்களில் பலரும் அப்படி வந்தவர்கள்தாம். ரஜூலா, எம்.வி. சிதம்பரம் என்ற கப்பல் பெயர்களை வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டுப் பாருங்கள். 1985-இல் சிதம்பரம் கப்பலில் தீப்பிடித்ததோடு அந்தப் பயணம் நின்றுபோனது. தொடர்போ மிகப் பழையது. ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே கடாரத்து அரசன் நாகையில் புத்த விகாரம் எழுப்ப, ராசராச சோழன் அதற்கு ஆனைமங்கலம் என்ற ஊரையே கொடுத்தான். கடாரம் என்றால் வேறெங்கோ இல்லை, நம்ம கெடாதான்.

2006 டிசம்பரில் அந்த ஊரைப் பார்க்கக் கிளம்பினேன். சென்னையில் வாடகைக் கார் பிடித்து, கிழக்குக் கடற்கரைச் சாலையில் தெற்கே போனோம். இடக்கைப் பக்கம் கடல் தெரிவதும் மறைவதுமாக வந்தது. மாமல்லபுரத்தில், சுனாமி மணலை அரித்துக்கொண்டு போனதால் வெளியே வந்த சிற்பங்களைக் காட்டினார்கள். புதுச்சேரி, கடலூர் கடந்து சிதம்பரம் பக்கத்தில் பிச்சாவரம். அங்கே இருப்பது அலையாத்திக் காடு. நாம் பாக்காவ் என்கிறோமே, அதேதான். அந்தக் காட்டுக்குப் பின்னால் இருந்த ஊர்களில் சேதம் குறைவு. எனக்கு நம்ம சுங்கை பூலாய் ஞாபகம் வந்தது. கெலாங் பாத்தாவில் கொசு வளர்க்கும் சேறு என்று நாம் முகஞ்சுளிக்கிற அந்தக் காடு, 2003-இல் ராம்சார் என்னும் உலகப் பட்டியலில் ஏறியது. இங்கே எத்தனை பேருக்குத் தெரியும்?

தரங்கம்பாடியில் டேனிஷ்காரர் கோட்டை. பிறகு காரைக்கால், நாகூர். சுனாமியில் இறந்தவர்களைப் புதைக்க, சமயம் பாராமல் இடம் கொடுத்தது நாகூர் தர்கா. அங்கே சற்று நேரம் சும்மா நின்றுவிட்டுத்தான் புறப்பட்டேன்.

நாகைக்கு வருவோம். 2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை. சுமத்ராவுக்கு அருகே கடலடியில் பூமி அதிர்ந்தபோது இந்திய நேரம் காலை 6.28. அலை நாகைக்கு வந்து சேர ஏறத்தாழ ஒன்பது மணி ஆயிற்று. நமக்குச் சுமத்ரா தீவு குறுக்கே கிடந்ததால் ஜொகூர் தப்பியது. நாகை மாவட்டத்தில் மட்டும் ஆறாயிரத்துக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். இடையில் இரண்டரை மணி நேரம் இருந்தது, பிள்ளைகளே! ஓடியிருக்கலாம், நடந்தேகூடப் போயிருக்கலாம். சொல்லத்தான் ஆளில்லை. ஐதராபாத்தில் எச்சரிக்கை நிலையம் வந்ததே 2007-இல்தான்.

அதே நாளில் தாய்லாந்தின் பூக்கெட் கடற்கரையில் டில்லி சுமித் என்ற பத்து வயது ஆங்கிலேயச் சிறுமி, கடல் நுரைத்துக் கொதிப்பதைக் கண்டு சுனாமி என்று கத்தினாள். இரண்டு வாரம் முன்புதான் புவியியல் வகுப்பில் படித்திருந்தாள். அந்தக் கரையில் ஏறத்தாழ நூறு பேர் பிழைத்தார்கள்.

நான் போனபோது நாகை பாதி எழுந்து நின்றது. ஒரு பக்கம் புதுக் காங்கிரீட் வீடுகள், மறுபக்கம் தார் ஷீட்டுக் கொட்டகைகள். உள்ளே அடுப்புபோல அனல். கடலிலிருந்து 200 மீட்டருக்குள் இருந்தவர்கள் அப்பால் போக இசைந்தால்தான் அரசுச் செலவில் வீடு. சரியான ஏற்பாடுதானே என்று ஒரு கொட்டகை வாசலில் வாயை விட்டேன். வலை பிரித்துக்கொண்டிருந்த அம்மா நிமிர்ந்து பார்த்தார்.

"தம்பி, கடலு எப்படி இருக்குன்னு வாசல்லேருந்தே பாத்தாத்தான் தொழிலுக்குப் போக முடியும். அங்க போயி வலையை எங்க காயப்போடுறது? என்ஜினை யாரு தூக்கிட்டு வர்றது?" என்றார்.

"பயமா இல்லையாம்மா?"

"பயந்தான். ராவெல்லாம் தூக்கம் கெடையாது. அதுக்காவ?"

எனக்குப் பதில் வரவில்லை. மூன்று நாள் காரில் உட்கார்ந்து வந்தவன், காலமெல்லாம் கடலோடு வாழ்ந்தவருக்குப் புத்தி சொன்னது தப்பு என்று மட்டும் பட்டது.

அவருடைய மகள், ஆறாம் வகுப்பு இருக்கும், குடிக்கத் தண்ணீர் கொண்டுவந்தாள். எவர்சில்வர் தம்ளர், விளிம்பு நசுங்கியிருந்தது. அதில் ஒரு பையனின் பெயரும், ஓட்டப் பந்தயம், முதல் பரிசு என்றும் வெட்டியிருந்தது.

"அண்ணன் வாங்குனது. சேத்துல கெடந்துச்சு, அப்பா எடுத்தாந்தாங்க" என்றாள்.

அண்ணன் எங்கே என்று நான் கேட்கவில்லை. எடுத்து வைத்துக்கொள்ளாமல் இதில் தண்ணீர் குடிக்கிறீர்களே என்றேன். அதற்கு அவள், "அவன்தான் எல்லாரும் இதுலதான் குடிக்கணும்னு சொல்லியிருக்கான்" என்றாள்.

குடித்துவிட்டுக் கொடுத்தேன். கழுவி, வாசல் பலகையில் கவிழ்த்து வைத்தாள்.

மேசைமேல் உங்களுக்கான கோப்பைகள் காத்திருக்கின்றன. பெயர் கூப்பிடட்டும், வாருங்கள்.