ஹாஜரா அம்மையாரும் நம் நன்னிமாரும்

 

மழைக்குக் குறைவில்லாத ஜொகூரில் நாம் தாகம் அறியாதவர்கள். ஸபாவுக்கும் மர்வாவுக்கும் இடையே 7 முறை, 3 கிலோமீட்டருக்கு மேல் இருக்கும், குளிரூட்டிய பளிங்குத் தரையில் நடந்ததற்கே உம்மாவுக்கு முழங்கால் வலி. ஹாஜரா அம்மையார் அங்கே பாலைவனத்தில், குழந்தை இஸ்மாயீல் (அலை) அவர்களின் தாகத்துக்காகத் தனியே ஓடினார்கள். இன்று பச்சை விளக்குகளுக்கு நடுவே விரைந்து ஓடுபவர்கள் ஆண்கள். அன்று ஓடியது ஒரு தாய்.

கப்பலேறி மலாயா வந்த நம் முன்னோரைப் புகழ்கிறோம், சரி. ராமநாதபுரத்துச் சீமையில் பிள்ளைகளோடு தனித்திருந்த மனைவிமார்? என் நன்னி 11 ஆண்டுகள் கடிதத்தை மட்டும் பார்த்துக்கொண்டு அத்தாவை வளர்த்தார்கள். எங்கள் கடைக்கு முதல், அவர்கள் கழற்றிக் கொடுத்த நகை. வெளிவரவுள்ள பொன்விழா மலரில் அவர்களைப் போன்றோருக்கு ஒரு பக்கமாவது ஒதுக்கும்படி நிர்வாகத்தினரைக் கேட்டுக்கொள்கிறேன்.