தொண்ணூறாவது நாளுக்கு முன்பாக

(லிட்டில் இந்தியாவில், தமிழ்க் கிறிஸ்தவத் தொழிலாளர்களின் ஞாயிறு மாலைக் கூடுகையில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



"பாஸ் இல்லாமல் இருக்கும் ஒருவர் விசுவாசியாக எப்படி விவேகத்தோடு வாழ்வது?" என்பது எனக்குக் கொடுக்கப்பட்ட தலைப்பு. நான் போதகர் அல்ல. சட்டம் படித்தவன். எனவே ஒரு கையில் வேதத்தையும் மறு கையில் குடிநுழைவுச் சட்டத்தையும் வைத்துக்கொண்டுதான் பேசப்போகிறேன்.

முதலில் ஒரு சம்பவம். சில ஆண்டுகளுக்கு முன்பு ஒரு தம்பியை என்னிடம் அழைத்து வந்தார்கள். கட்டடத் தொழிலாளி. சம்பளப் பாக்கி கேட்டதற்காக முதலாளி அவருடைய பெர்மிட்டைக் கேன்சல் செய்து, விமான டிக்கெட்டைக் கையில் கொடுத்துவிட்டார். ஊரில் நிலத்தை அடகு வைத்து ஏஜென்டுக்குக் கட்டிய பணம் அப்படியே கடனாக நிற்கிறது. எந்த முகத்தோடு ஊருக்குப் போவது? விமானம் ஏறாமல் தங்கிவிட்டார். அதன்பின் பன்னிரண்டு வாரம் ஒரு ஜெபக்குழுவுக்குத் தவறாமல் வந்திருக்கிறார். வாராவாரம் அவருக்காகக் கண்ணீரோடு ஜெபித்திருக்கிறார்கள். ஆனால் ஒருவர்கூட, "தம்பி, உன் பாஸ் எந்தத் தேதியோடு முடிந்தது?" என்று கேட்கவில்லை. என்னிடம் வந்த அன்று எண்ணிப் பார்த்தோம். 98 நாள் ஆகியிருந்தது.

அந்த எட்டு நாள் எவ்வளவு பெரியது தெரியுமா? 1989இல் சிங்கப்பூரின் குடிநுழைவுச் சட்டம் திருத்தப்பட்டது. பாஸ் முடிந்து 90 நாளுக்கு மேல் தங்கியவருக்கு 6 மாதம் வரை சிறையும், 3 அடிக்குக் குறையாத பிரம்படியும் என்று அந்தத் திருத்தம் எழுதியது. பெண்களுக்கும் 50 வயதைத் தாண்டிய ஆண்களுக்கும் பிரம்படி கிடையாது, அவர்களுக்கு அபராதம். ஆக 90ஆவது நாளுக்கும் 91ஆவது நாளுக்கும் நடுவே இருப்பது வெறும் ஒரு இரவு அல்ல. ஒரு மனிதனின் முதுகுக்குக் கீழே வாழ்நாள் முழுவதும் நிற்கக்கூடிய தழும்பு.

இங்கே பவுலை நினைத்துப் பாருங்கள். பிலிப்பி பட்டணத்தில் அவரை அடித்துச் சிறையில் போட்டார்கள். அடி வாங்கிய பிறகுதான் தாம் ரோமக் குடிமகன் என்பதைச் சொன்னார் (அப்போஸ்தலர் 16). எருசலேமில் மறுபடியும் சாட்டையால் அடிப்பதற்குக் கட்டினார்கள். இந்த முறை அடி விழுவதற்கு முன்பே, விசாரிக்காமல் ஒரு ரோமக் குடிமகனை அடிக்கச் சட்டம் இடம் தருகிறதா என்று நூற்றுக்கு அதிபதியிடம் கேட்டார் (அப்போஸ்தலர் 22). கேள்வி கேட்டதால் அவருடைய விசுவாசம் குறைந்துபோகவில்லை. சட்டத்தை முன்கூட்டியே கேட்பது அவிசுவாசம் அல்ல, விவேகம். இன்று நான் சொல்ல வந்ததன் சாரம் இதுதான்: அடி விழும் முன்பே கேளுங்கள்.

சரி, விவேகம் என்றால் நடைமுறையில் என்ன?

ஒன்று, நாளை எண்ணுங்கள். பாஸ் முடிந்த தேதியைப் பைபிளின் முதல் பக்கத்தில் எழுதி வையுங்கள். பெர்மிட் கேன்சல் ஆனதும் எல்லாம் முடிந்துவிட்டது என்று ஓடாதீர்கள். சம்பளப் பாக்கியோ வேலை விபத்து இழப்பீடோ நிலுவையில் இருந்தால் மனிதவள அமைச்சிடம் போக வழி இருக்கிறது. வழக்கு நடக்கும் வரை சட்டப்படி தங்க ஸ்பெஷல் பாஸ் கொடுக்கிறார்கள். நம்மில் பலர் பாஸ் இல்லாதவர்களாக ஆவதே இந்த வழி தெரியாமல் ஓடுவதால்தான்.

இரண்டு, உங்கள் கூலியைக் கேட்க வெட்கப்படாதீர்கள். கூலியைப் பிடித்து வைத்தவனுக்கு எதிராக அந்தக் கூலியே கூப்பிடுகிறது என்று யாக்கோபு தம் நிருபத்தின் 5ஆம் அதிகாரத்தில் எச்சரிக்கிறார். அந்தியப் பொழுதுக்கு முன் கூலியைக் கொடு என்பது உபாகமம் 24இல் உள்ள கட்டளை. அது அந்நியனுக்கும் சேர்த்துச் சொல்லப்பட்டது. ஆனால் இதற்கும் கெடு உண்டு. வேலையிலிருந்து நின்ற 6 மாதத்துக்குள் சம்பளப் புகாரைக் கொடுக்க வேண்டும். விபத்து இழப்பீட்டுக்கு 1 ஆண்டு.

மூன்று, பொய்த் தாள் வேண்டாம். பிறர் பெர்மிட்டில் வேலை, போலி அட்டை, "ஒரு மாதம்தான் அண்ணே" என்ற ஏஜென்ட் பேச்சு எதுவும் வேண்டாம். அனுமதியில்லாமல் வேலை செய்தால் 20,000 வெள்ளி வரை அபராதம், அல்லது 2 ஆண்டு வரை சிறை, அல்லது இரண்டும். ஸ்பெஷல் பாஸில் இருப்பவருக்கும் அனுமதியில்லாத வேலை இதே கண்ணிதான். பிடிபட்டால் உங்களுடைய நியாயமான சம்பள வழக்கும் சேர்ந்து அடிபடும். பாம்பின் விவேகமும் புறாவின் கபடமின்மையும் சேர்ந்து வேண்டும் என்றுதானே ஆண்டவர் சொன்னார்? பயம் மட்டும் இருந்தால் அது விவேகம் ஆகாது.

நான்கு, தனியாகத் திரும்பாதீர்கள். எஜமானை விட்டுத் தப்பி ஓடியவன் என்று சபை மரபு சொல்லும் ஒநேசிமுவைப் பவுல் திருப்பி அனுப்பினார். ஆனால் வெறுங்கையோடு அனுப்பவில்லை. கையில் ஒரு கடிதம் கொடுத்து, அவன் பட்ட கடனைத் தன் கணக்கில் எழுதச் சொல்லி அனுப்பினார். 90 நாள் தாண்டிவிட்டவர்களுக்கு என் ஆலோசனையும் அதுதான். இன்னும் ஒளிந்திருப்பதால் எதுவும் மேம்படாது. ஒரு வழக்குரைஞரோடு, தொழிலாளர் அமைப்பு ஒன்றின் துணையோடு நீங்களாகப் போய் நில்லுங்கள். தானாக வந்து ஒப்புக்கொண்டவர் என்பதை வழக்குரைஞர் நீதிமன்றத்தில் எடுத்துச் சொல்ல முடியும். சட்டங்கள் அவ்வப்போது திருத்தப்படுகின்றன. எனவே அன்றைய நிலையைக் கேட்டறியாமல் முடிவெடுக்காதீர்கள். 2003இல் தொடங்கிய டிடபிள்யூசி2, 2004இல் தொடங்கிய ஹோம் ஆகிய அமைப்புகளின் கதவைத் தட்டலாம். வேலை போய், வழக்குக்காகக் காத்திருப்பவர்களுக்கு இதே லிட்டில் இந்தியாவில் கஃப் ரோடு திட்டம் 2008 முதல் இலவச உணவு கொடுத்து வந்திருக்கிறது.

இனி சபைகளுக்கு ஒரு வார்த்தை. "பாஸ் இல்லாதவருக்கு வீட்டில் இடம் கொடுக்கலாமா?" என்று பலர் என்னைக் கேட்கிறார்கள். ஒளித்து வைக்காமல் பதில் சொல்கிறேன். அடைக்கலம் கொடுப்பது என்பதற்குள் உணவும் உறைவிடமும் கொடுப்பதைச் சட்டம் அடக்குகிறது. தெரிந்தே செய்தால் 6 மாதம் முதல் 2 ஆண்டு வரை சிறையும் 6,000 வெள்ளி வரை அபராதமும் உண்டு. பசியாயிருந்தவனுக்குச் சாப்பாடு கொடுத்தீர்களா என்று கேட்கும் மத்தேயு 25ஆம் அதிகாரத்துக்கும் இந்தச் சட்டத்துக்கும் நடுவே ஒரு விசுவாசியின் மனசாட்சி நசுங்குகிறது. இதை நான் மழுப்ப விரும்பவில்லை. இந்தச் சட்டம் திருத்தப்பட வேண்டும் என்று வெளிப்படையாகக் கேட்பது குடிமக்களான நம் கடமை. அந்தக் கேள்வியைப் பாஸ் இல்லாத தம்பி கேட்க முடியாது. இளஞ்சிவப்பு நிற ஐசி வைத்திருக்கும் நாம்தான் கேட்க முடியும்.

சபைகள் ஏன் பயப்படுகின்றன என்பதும் எனக்குப் புரிகிறது. 1987 மே 21 அன்று உள்நாட்டுப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் 16 பேர் கைது செய்யப்பட்டார்கள். அவர்களில் கத்தோலிக்கச் சபைப் பணியாளர்களும் இருந்தார்கள். வெளிநாட்டுத் தொழிலாளர்களுக்கு உதவி வந்த கேலாங் கத்தோலிக்க மையமும் அந்தப் புயலில் சிக்கியது. ஆனாலும் பணி நின்றுவிடவில்லை. 1998இல் கத்தோலிக்க மறைமாவட்டமே புலம்பெயர்ந்தோருக்கென்று தனி ஆணையம் அமைத்தது. ஒளித்து வைப்பது ஒன்றே உதவி அல்ல. வழக்குரைஞர் கட்டணத்தைப் பங்கு போட்டுக் கட்டலாம். மனிதவள அமைச்சுக்குக் கூடப் போகலாம். பாஸ்போர்ட் தொலைத்தவரை இந்தியத் தூதரகத்துக்கு அழைத்துப் போய் எமர்ஜென்சி சர்ட்டிபிகேட் வாங்கித் தரலாம். சிறையில் இருப்பவரின் அம்மாவுக்கு ஊரில் யாராவது நேரில் போய்ச் சொல்லலாம்.

கடைசியாக, சொல் ஒன்றை மாற்றுவோம். "கள்ளக் குடியேறி" என்று நம் வீடுகளிலேயே பேசுகிறோம். ஏரோதுக்குப் பயந்து இரவோடு இரவாக எகிப்துக்குப் போன குடும்பத்தின் கையில் என்ன பாஸ் இருந்தது? பாஸ் காலாவதி ஆகலாம், மனிதன் காலாவதி ஆவதில்லை.

அந்தத் தம்பி தண்டனை முடிந்து ஊருக்குப் போய்விட்டார். பிரம்படியும் பட்டார். அவரை நினைத்து உங்களிடம் ஒன்றே ஒன்று கேட்கிறேன். அடுத்த ஞாயிறு புதிதாக ஒருவர் உங்கள் ஜெபக்குழுவுக்கு வந்தால், தேநீர் கொடுத்து உட்காரவைத்து, ஜெபம் தொடங்கும் முன்பே கேளுங்கள்: "தம்பி, உங்கள் பாஸ் எந்தத் தேதி முடிகிறது?" அதன்பிறகு ஜெபியுங்கள். அந்த ஜெபத்துக்குக் கையும் காலும் இருக்கும்.