வெடி எங்கிருந்து வந்தது?

டில்லியிலும் போபாலிலும் நாகபுரியிலும் ஜூலை மாதத்து மழை தொடங்கிச் சில நாட்களுக்குள் புல் மளமளவென்று எழுந்துவிடும். குடியிருப்புச் சங்கத்தார், மாதக்கணக்காகக் கொட்டகையில் கிடந்த புல்வெட்டும் இயந்திரத்தை வெளியே எடுப்பார்கள். தோட்டக்காரர் கயிற்றை இழுப்பார். நாலைந்து முறை முனகிவிட்டுத் துப்பாக்கி சுட்டாற்போல் அது வெடிக்கும். உடனே, "இனி இது உதவாது, புதிது வாங்குவோம்" என்பார் ஒருவர். தோட்டக்காரர்தாம் கெடுத்துவிட்டார் என்று தீர்ப்பளிப்பார் வேறொருவர். கூலியில் பிடித்தம் செய்யும் பேச்சுகூட எழுவதுண்டு. இரண்டும் அவசர முடிவுகள். வெடி எந்தப் பக்கமிருந்து வந்தது, எப்போது வந்தது என்ற இரண்டையும் கேட்டறிந்தால், பழுதின் இருப்பிடம் பெரும்பாலும் தெரிந்துவிடும்.

ஆங்கிலப் பேச்சு வழக்கில் இருவகை வெடிக்கும் ஒரே சொல்லைச் சொல்லிவிடுகிறார்கள். மொழிபெயர்ப்பையே தொழிலாகக் கொண்ட எனக்கு இது நிறைவு தருவதில்லை. காற்று உட்புகும் கார்புரேட்டர் பக்கம் வெடித்தால் வாய்வெடி என்றும், புகை வெளியேறும் சைலன்ஸர் பக்கம் வெடித்தால் வால்வெடி என்றும் இங்கே பிரித்துச் சொல்கிறேன்.

ஜெர்மானியரான நிகோலஸ் ஆட்டோ 1876இல் வெற்றிகரமாக இயக்கிக் காட்டிய நான்கு வீச்சு முறையிலேயே இவ்வகைச் சிறு என்ஜின்கள் பல இன்றும் ஓடுகின்றன. கலவையை உறிஞ்சுதல், அமுக்குதல், எரித்தல், புகையைத் தள்ளுதல் என்பன அந்நான்கு வீச்சுகள். எரிய வேண்டிய நேரத்திலும் இடத்திலும் எரியாத கலவை வேறெங்காவது எரிவதே வெடி.

வால்வெடி பெரும்பாலும் எளிய காரியம். வேகமாக ஓடும் என்ஜினைச் சட்டென்று நிறுத்தினால், அது சுழன்று ஓய்வதற்குள் எரியாத கலவை கொதிக்கும் சைலன்ஸருக்குள் புகுந்து தீப்பற்றும். வேகத்தைத் தாழ்த்தி, பதினைந்து இருபது வினாடி ஓடவிட்டு நிறுத்தினால் போதும். ஓடிக்கொண்டிருக்கும்போதே வெடித்தால் காற்று வடிகட்டியில் தூசி அடைத்திருக்கிறதா, சோக் முழுதும் திறக்கிறதா என்று பார்க்க வேண்டும். ஸ்பார்க் பிளக்கைக் கழற்றிப் பார்த்தால் கரி படிந்து கறுத்திருக்கும்.

வாய்வெடிதான் கவலைக்குரியது. கலவையில் பெட்ரோல் குறைந்து காற்று மிகுந்தால் அது மெதுவாக எரியும். அடுத்த முறை உள்வால்வு திறக்கும்போதும் நெருப்பு அணையாமலிருந்தால், புதிதாக வரும் கலவையையும் பற்றிக்கொண்டு கார்புரேட்டர் வழியே வெளிப்படும். அந்நிலையில் பிளக்கின் முனை வெளுத்திருக்கும். பல மாதம் தேங்கிய பெட்ரோல் பிசினாகி, கார்புரேட்டரின் நுண்துளையை அடைத்திருப்பதே இதற்கு வழக்கமான காரணம்.

இக்காலத்தில் மற்றொன்றும் சேர்ந்திருக்கிறது. 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல் 2023 முதல் நம் நாட்டில் படிப்படியாக விற்பனைக்கு வந்து பரவியது. ஒரு பங்கு பெட்ரோல் முழுதும் எரிய, எடையில் ஏறத்தாழ 14.7 பங்கு காற்று வேண்டும். எத்தனாலுக்கு 9 பங்கே போதும். ஆகவே வெறும் பெட்ரோலுக்கென அளவிட்ட பழைய கார்புரேட்டரில், துளை அடைபடாமலே கலவையில் காற்று மிகுதியாகிறது. எத்தனால் ஈரத்தையும் ஈர்க்கும். நீர் மிகுந்தால் அதனுடன் பிரிந்து தொட்டியின் அடியில் தங்கும். பருவம் முடிந்ததும் தொட்டியையும் கார்புரேட்டரையும் காலி செய்து வைப்பதே நல்லது. சென்ற ஆண்டுப் பெட்ரோலைச் சிக்கனம் கருதி ஊற்றுவது சிக்கனமாகாது.

பிளக்கும் பெட்ரோலும் சரியாக இருந்தும், கயிறு கையை வெடுக்கென்று திருப்பி இழுத்து, வாய்ப்பக்கமும் வெடிக்கிறதா? அப்படியானால் அலகு கல்லிலோ செங்கல்லிலோ மோதியதா என்று கேளுங்கள். அலகு நேராக என்ஜின் தண்டில் பொருந்திய வகையில், மோதலின்போது தண்டு நின்றுவிடும். பிளைவீல் சுழலப் பார்க்கும். இரண்டையும் பிணைக்கும் 'கீ' என்னும் சிறு உலோகத்துண்டு அப்போது நசுங்கலாம், அறுந்தும் போகலாம். பிளைவீலிலுள்ள காந்தம் சற்று முன்னதாகவே வந்து, பொறியும் உரிய நேரத்துக்கு முன்பே எழுந்துவிடும். பல என்ஜின்களில் இந்தத் துண்டை மென்மையான உலோகத்தில் வைத்திருப்பதே, தண்டைக் காப்பதற்குத்தான். புதிய கீ மலிவானது. ஆனால் பிளைவீலைக் கழற்றத் தக்க கருவி வேண்டும். சுத்தியால் தட்டிக் கழற்றலாகாது. புல்லுக்குள் கிடந்த செங்கல் தோட்டக்காரர் வைத்ததன்று என்பதையும் சங்கத்தார் நினைவிற் கொள்ளலாம்.

சோதிக்குமுன் என்ஜின் ஆறட்டும். அலகைத் தொடுவதற்கு முன் பிளக்கின் கம்பியைக் கழற்றி அப்பால் ஒதுக்குங்கள். வடிகட்டியை எடுத்துவிட்டு, கார்புரேட்டர் வாய்க்கு நேரே முகத்தை வைத்துக்கொண்டு எவரும் கயிற்றை இழுக்க வேண்டாம். அங்கிருந்து வருவது நெருப்பு. இவ்வளவும் பார்த்த பிறகும் வாய்வெடி நிற்கவில்லையென்றால், உள்வால்வு சரியாக மூடவில்லை என்று ஐயுறலாம். அது மெக்கானிக்கின் வேலை. அவரிடம் இயந்திரத்தைத் தள்ளிவிட்டு வராமல், எந்தப் பக்கம் வெடிக்கிறது, தொடக்கத்திலா, ஓடும்போதா, நிறுத்தும்போதா என்று ஹிந்தியிலோ மராத்தியிலோ தெளிவாகச் சொல்லுங்கள். தோட்டக்காரரையும் உடன் அழைத்துச் செல்லுங்கள். அந்தச் சத்தத்தை அருகிலிருந்து கேட்டவர் அவர்தாம்.