டிஸ்சார்ஜ் ஆன பிறகு எங்கே?

(நம் சங்கத்தின் தில்லிக் கிளையில் மூத்த உறுப்பினர்களுக்கான கூட்டத்தில் ஆற்றிய உரை. பேசியவர் மத்திய அரசுப் பணியிலிருந்து ஓய்வு பெற்றவர்.)

 செக்ரட்டரி எனக்கு இருபது நிமிஷம் கொடுத்திருக்கிறார். சர்வீஸில் இருந்தபோது நான் எழுதிய நோட் எதுவும் ஒன்றரைப் பக்கத்தைத் தாண்டியதில்லை. அதே சிக்கனத்தை இன்றும் கடைப்பிடிக்கப் பார்க்கிறேன்.

2015 ஜனவரியில் நம் சங்கத்து லேண்ட்லைனுக்கு ஒரு அரசு மருத்துவமனையிலிருந்து போன் வந்தது. பேசியவர் அங்கே மெடிக்கல் சோஷியல் ஒர்க்கர். "எலும்பு வார்டில் ஒரு மத்ராஸி பாபா இருக்கிறார். ஹிந்தி பேசிக்கொண்டிருந்தவர் ஜுரம் வந்ததிலிருந்து உங்கள் பாஷை மட்டுமே பேசுகிறார். யாராவது வர முடியுமா?" என்று கேட்டார். செக்ரட்டரியும் நானும் போனோம். பெயரைச் சொல்வது முறையல்ல. பெரியவர் என்றே சொல்கிறேன். வயது எழுபதுக்கு மேல். நாற்பது வருஷம் முன்பு கரோல் பாக்கில் ஒரு மெஸ்ஸுக்குச் சமையலுக்கு வந்தவர். மெஸ் மூடிய பிறகு கல்யாணச் சமையல், அதுவும் நின்ற பிறகு ஒரு கடை வராந்தா. பனி இரவில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்துவிட்டது. போலீஸ்காரர் கொண்டுவந்து சேர்த்தபோது நினைவில்லை. கேஸ் ஷீட்டில் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் 'அன்நோன்' என்று எழுதியிருந்தது.

ஆபரேஷன் நன்றாக நடந்திருந்தது. மறுநாள் என் அகத்திலிருந்து ரசம் சாதம் கொண்டுபோனோம். ஒரு வாய் சாப்பிட்டுவிட்டு, "பெருங்காயம் ஜாஸ்தி" என்றார். ஆள் பிழைத்துவிட்டார் என்று எங்களுக்குத் தெரிந்தது அப்போதுதான்!

இரண்டு நாளில் டிஸ்சார்ஜ் என்றார்கள். உறுப்பினர்கள் தாராளமாகக் கொடுத்தார்கள். கும்பகோணம் பக்கத்தில் தங்கை பிள்ளை இருப்பதாக விசாரித்துத் தெரிந்துகொண்டோம். கம்பளி, மருந்து, கையில் கொஞ்சம் பணம், ரயில் டிக்கெட், துணைக்கு ஊருக்குப் போகிற ஒரு பையன் என்று எல்லா ஏற்பாடும் செய்து வண்டி ஏற்றினோம். அடுத்த கூட்டத்தில் கைதட்டல் கூடக் கிடைத்தது.

மார்ச் கடைசியில் அதே சோஷியல் ஒர்க்கர் மறுபடி போன் செய்தார். பெரியவர் திரும்பி வந்திருந்தார், ஆபரேஷன் செய்த இடத்தில் சீழோடு. நான் கோபமாக அந்தத் தங்கை பிள்ளையைப் பற்றி ஏதோ சொன்னேன். பெரியவர் கையமர்த்தினார். "அவாளைக் குத்தம் சொல்லாதீங்கோ. ஒரே ரூம். அதிலே நாலு பேர். நானேதான் கிளம்பி வந்துட்டேன்" என்றார். சோஷியல் ஒர்க்கர் என்னைப் பார்த்து மெதுவாகக் கேட்டார்: "ஸார், போன தடவை அவர் எங்கே போக விரும்புகிறார் என்று அவரிடம் யாராவது கேட்டீர்களா?"

கேட்கவில்லை. பதினாலு பேர் பணம் கொடுத்தோம், நாலு பேர் ஓடினோம். ஒருவரும் அந்தக் கேள்வியைக் கேட்கவில்லை.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். முதல் தடவை பெரியவருக்கு அடுத்த கட்டிலில் பிஹாரைச் சேர்ந்த ஒரு ரிக்ஷாக்காரர் இருந்தார். காலில் தொடை வரை மாவுக்கட்டு. நாங்கள் டிபன் காரியரைத் திறக்கும்போதெல்லாம் முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொள்வார். நாங்களும் ஒருவருக்குத்தான் சாதம் கொண்டுபோனோம். அவர் 'நம்மவர்' இல்லையே! மூன்றாம் நாள் அந்தக் கட்டிலில் வேறு ஆள். எங்கே போனார் என்று கேட்டதற்கு வார்டு பாய், "கேட்டுக்கு வெளியே" என்றான். அதற்கு மேல் அவனுக்கும் தெரியாது. எனக்கு இன்றுவரை தெரியாது.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், வைத்தியம் முடிவதும் நோயாளி குணமாவதும் ஒன்றல்ல. நான் சயன்ஸ் படித்தவன். விஷயத்தை அப்படியே பார்ப்போம். மாவுக்கட்டு ஆறு வாரம் நனையக் கூடாது. நடைபாதையில் மழை பெய்தால் என்ன செய்வது? டி.பி.க்கு மாத்திரை குறைந்தது ஆறு மாதம்; நடுவில் விட்டால் மருந்துக்குக் கட்டுப்படாத டி.பி.யாக மாறக்கூடும். இன்சுலினைத் திறந்த பிறகு வெளியே வைக்கலாம், ஆனால் 30 டிகிரிக்குள். தில்லி மே மாதத்தில் 45 டிகிரி! இதய நோய்க்கு நீர் பிரியும் மாத்திரை கொடுக்கிறார்கள். பக்கத்தில் கழிப்பறை இல்லாதவர் அதைச் சாப்பிடாமல் விட்டுவிடுகிறார். இது அலட்சியம் அல்ல. அவர் நிலையில் இருந்தால் நாமும் அதைத்தான் செய்வோம்.

டாக்டரையும் குற்றம் சொல்வதற்கில்லை. ஒரு கட்டிலில் இரண்டு பேர் படுத்திருக்கும் வார்டுகளை நீங்களே பார்த்திருப்பீர்கள். காஸுவாலிட்டியில் ஸ்ட்ரெச்சரில் காத்திருப்பவருக்கும் கட்டில் வேண்டும். ஆனால் வெளியே அனுப்பப்பட்டவர் சீழோடு திரும்பி வந்தால், மறுபடி அதே கட்டில், இரட்டிப்பு நாள், இரட்டிப்புச் செலவு. கணக்குப் பார்த்தால்கூட இது நஷ்டம்தான்.

எத்தனை பேர் இப்படி? 2001 சென்ஸஸில் நான் சூப்பர்வைஸராக இருந்தேன். வீடற்றவர்களை பிப்ரவரி 28 இரவில் தேடித் தேடிக் கணக்கெடுக்க வேண்டும். மேம்பாலத்தின் அடியில், கோவில் வாசலில், ரயில்வே ஸ்டேஷன் ஓரத்தில் டார்ச்சோடு போனோம். அந்த வருஷம் நாடு முழுவதும் சுமார் 19.4 லட்சம். 2011-ல் மொத்தம் சுமார் 17.7 லட்சமாகக் குறைந்தது. ஆனால் நகரங்களில் மட்டும் 7.8 லட்சத்திலிருந்து 9.4 லட்சமாகக் கூடியது. ஒரே ராத்திரியில் எடுக்கும் கணக்கு அது. டார்ச் படாத மூலைகள் பல உண்டு என்பது போனவனுக்குத் தெரியும்.

அரசாங்கம் ஒன்றுமே செய்யவில்லை என்று நான் சொல்ல மாட்டேன். முப்பத்தைந்து வருஷம் அதன் உப்பைத் தின்றவன். உணவு உரிமை வழக்கில் 2010-ல் உச்ச நீதிமன்றம், பெரிய நகரங்களில் லட்சம் பேருக்கு ஒரு காப்பகம் வீதம், 24 மணி நேரமும், வருஷம் முழுவதும் திறந்திருக்க வேண்டும் என்றது. 2013-ல் தொடங்கிய தேசிய நகர்ப்புற வாழ்வாதார இயக்கத்தின் விதிகளும் அதையே சொல்லின. தில்லியில் 2010-ஆம் ஆண்டுச் சட்டத்தால் அமைந்த குடில் மேம்பாட்டு வாரியம் 'ரைன் பசேரா' என்ற இரவுக் காப்பகங்களை நடத்துகிறது. ஆயுஷ்மான் பாரத் 2018-ல் வந்தது. குடும்பத்துக்கு வருஷத்தில் 5 லட்சம் ரூபாய் வரை. 2024 அக்டோபரிலிருந்து 70 வயதானவர்கள் எல்லோருக்கும் உண்டு; தில்லியும் 2025-ல் சேர்ந்துகொண்டது. அதில் டிஸ்சார்ஜுக்குப் பின் 15 நாள் மருந்துச் செலவுகூட அடக்கம். ஆனால் அந்த 15 நாள் அவர் எங்கே படுப்பார் என்பதற்கு அதில் பதில் இல்லை.

மனநோயோடு தெருவில் திரிபவர்களுக்கு 2017-ஆம் ஆண்டு மனநலச் சட்டம் இருக்கிறது. அதன் 100-ஆவது பிரிவின்படி போலீஸ் அவர்களை லாக்கப்பில் வைக்கக் கூடாது. 24 மணி நேரத்துக்குள் அரசு மருத்துவ நிலையத்துக்குக் கொண்டுபோக வேண்டும். காணாமற்போனவர் என்று பதிவு செய்து குடும்பத்தைத் தேட வேண்டும். சென்னையில் 1993-லிருந்து 'தி பேன்யன்', மும்பைக்கு அருகே கர்ஜத்தில் டாக்டர் பரத் வாட்வானி நடத்தும் அமைப்பு ஆகியவை இப்படிப்பட்டவர்களை எடுத்து, வைத்தியம் செய்து, வீடு சேர்த்து வருகின்றன. வாட்வானிக்கு 2018-ல் மகசேசே விருது கிடைத்தது.

ஆக, மருத்துவமனை இருக்கிறது. காப்பகமும் இருக்கிறது. நடுவில் கைபிடித்து அழைத்துப் போகத்தான் ஆள் இல்லை. இங்கிலாந்தில் 2018 அக்டோபரிலிருந்து, வீடில்லாத நோயாளி வந்தால் அவர் சம்மதத்துடன் உள்ளாட்சியின் வீட்டுவசதித் துறைக்கு எழுதி அனுப்புவது மருத்துவமனையின் சட்டக் கடமை. நம்மிடம் அது பெரும்பாலும் ஒரு சோஷியல் ஒர்க்கரின் நல்ல மனசைப் பொறுத்திருக்கிறது. அவருக்கோ எத்தனையோ வார்டுகள், எத்தனையோ படிவங்கள்.

பெரியவர் கதைக்கு வருகிறேன். இரண்டாம் தடவை அவரிடமே கேட்டோம். "இந்த ஊர்லேயே இருந்துடறேன். கையாலே ஏதாவது வேலை குடுங்கோ, போதும்" என்றார். டிஸ்சார்ஜுக்கு ஐந்து நாள் முன்பே மருத்துவமனைக்கு அருகில் இருந்த ஒரு காப்பகத்துக்குப் போனோம். பொறுப்பாளர் முதலில் தயங்கினார். நூறு பேர் தங்கும் இடம், நர்ஸ் கிடையாது, புண்ணோடு வருபவரை யார் பார்ப்பது? நியாயமான கேள்வி. மூன்று விஷயங்களை ஒப்புக்கொண்டோம்: கீழ்த்தளத்தில் ஒரு கட்டில் நாங்கள் வாங்கித் தருவது, ஓய்வு பெற்ற நர்ஸான நம் உறுப்பினர் மாமி ஒருவர் ஒருநாள் விட்டு ஒருநாள் கட்டு மாற்றுவது, ரிவ்யூ தேதிகளில் நாங்கள் ஆட்டோவில் அழைத்துப் போவது. ஆவணமே இல்லாதவர்களுக்கு அப்போது 'அறிமுகம் செய்பவர்' மூலம் ஆதார் எடுக்கும் முறை இருந்தது, எடுத்தோம். பின் ஜன் தன் கணக்கு. முதியோர் பென்ஷன் மட்டும் கிடைக்கவில்லை; முகவரிச் சான்று போதாது என்று ஒரு அலுவலகம் ஒன்றரை வருஷம் அலையவிட்டது. ரிடையர்டு அதிகாரி என்ற என் பருப்பு அங்கே வேகவில்லை!

மூன்று வருஷம் அங்கே இருந்தார். காப்பகத்துச் சமையலுக்குக் காய் நறுக்கிக் கொடுப்பார். தாளிப்பில் திருத்தம் சொல்வார். 2018-ல் நிமோனியா. அதே மருத்துவமனை. இந்தத் தடவை கேஸ் ஷீட்டில் பெயர் இருந்தது, முகவரி இருந்தது, உறவினர் என்ற இடத்தில் நம் செக்ரட்டரி பெயர் இருந்தது. தங்கை பிள்ளைக்குத் தகவல் சொன்னோம். அவன் வந்தான். காரியங்களை அவனே செய்தான்.

இனி கோரிக்கை. நம் சங்கத்துக்குப் பல ஊர்களில் கிளைகள் இருக்கின்றன. ஒவ்வொரு கிளையும் ஒரே ஒரு அரசு மருத்துவமனையை எடுத்துக்கொள்ளட்டும். பெரிய டிரஸ்ட், கட்டிடம் எதுவும் வேண்டாம். இவ்வளவு போதும்:

1. மெடிக்கல் சோஷியல் ஒர்க்கரை நேரில் பார்த்து, வாரத்தில் இரண்டு மதியம் வருகிறோம் என்று எழுத்தில் அனுமதி பெறுங்கள். அவருக்கு உதவியாளராகப் போங்கள், இன்ஸ்பெக்டராக அல்ல.

2. சுற்றியுள்ள காப்பகங்களை ஒருமுறை நடந்து பாருங்கள். கீழ்த்தளம் உண்டா, கழிப்பறை எத்தனை அடி தூரம், பகலில் திறந்திருக்கிறதா, பெண்களுக்குத் தனி இடம் உண்டா என்று ஒரு நோட்டில் எழுதுங்கள். மாதம் ஒருமுறை சரிபாருங்கள். அந்த நோட்டு பணத்தைவிட மதிப்புள்ளது.

3. டிஸ்சார்ஜ் அன்று அல்ல, அட்மிட் ஆன வாரமே தொடங்குங்கள். முதல் கேள்வி, "உங்களுக்கு எங்கே போக இஷ்டம்?" இல்லை என்று சொன்னால் அதையும் மதியுங்கள்.

4. ஆதார் இல்லையென்றால் காப்பகக் கண்காணிப்பாளரின் சான்றைக் கொண்டு முயலுங்கள். டி.பி. நோயாளிக்கு அரசு தரும் ஊட்டச்சத்துப் பணம் 2024 நவம்பரிலிருந்து மாதம் 1,000 ரூபாய். அது வங்கிக் கணக்கில்தான் வரும். மூத்த குடிமக்களுக்கு 14567, மனநல ஆலோசனைக்கு 14416.

5. டிஸ்சார்ஜ் சம்மரியை இரண்டு நகல் எடுங்கள். ஒன்று நோயாளியிடம், ஒன்று காப்பகத்தில். அடுத்த ரிவ்யூ தேதிக்குப் பொறுப்பாளர் யார் என்று ஒருவர் பெயரை எழுதுங்கள்.

செய்யக் கூடாதவை: போட்டோ எடுத்துப் போடாதீர்கள். பதிவில்லாத ஆசிரமத்தில் கொண்டுபோய்த் தள்ளாதீர்கள். குடும்பத்தைக் கேட்காமல் ரயிலேற்றாதீர்கள். அந்தத் தப்பை நாங்கள் ஏற்கெனவே செய்துவிட்டோம்.

"எழுபது வயதில் இதெல்லாம் நம்மால் ஆகுமா?" என்று நீங்கள் கேட்பது காதில் விழுகிறது. யோசித்துப் பாருங்கள். நம்மில் பாதிப் பேருக்குத் தெரிந்த ஒரே வித்தை, படிவம் நிரப்புவதும், கடிதம் எழுதுவதும், ஃபைல் எந்த மேஜையில் தூங்குகிறது என்று கண்டுபிடிப்பதும்தான். வீடில்லாத ஒரு நோயாளிக்கு டாக்டருக்கு அடுத்தபடி தேவைப்படுவதும் அதேதான்.

கடைசியாக ஒன்று. வார்டுக்குள் போகும்போது தமிழ் பேசுகிறவரை மட்டும் தேடாதீர்கள். அடுத்த கட்டிலையும் பாருங்கள். அந்த ரிக்ஷாக்காரர் பெயரைக்கூட நான் கேட்டு வைத்துக்கொள்ளவில்லை. நீங்கள் கேளுங்கள்.

செக்ரட்டரி மணியைத் தொடுகிறார். வாசலில் ஒரு நோட்டு வைத்திருக்கிறேன். வாரம் ஒரு மதியம் தர முடிகிறவர்கள் பெயரும் போன் நம்பரும் எழுதிவிட்டுக் காபிக்குப் போங்கள். நமஸ்காரம்.